ஆண்களுக்கு ஏற்படும் டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு: அறிகுறிகளும் சிகிச்சையும்

திருமணமாகி சில ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லையென்றால், நம் வீடுகளில் முதலில் மருத்துவரிடம் அனுப்பப்படுவது மருமகள்தான். நாற்பதைக் கடந்த ஒருவர் எந்நேரமும் களைப்பாகவும் எரிச்சலாகவும் இருந்தால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். இரண்டுக்கும் பின்னால் ஆணின் உடலில் ஏற்பட்ட ஹார்மோன் குறைபாடு இருக்கலாம். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, சுவரொட்டியைப் பார்த்து லாட்ஜ் வைத்தியரிடமும் லேகியக்காரரிடமும் பணத்தை இழப்பவர்கள் பலர்.

உம்மு சுலைம் (ரலி) அவர்கள் பெண்களுக்கு ஏற்படும் ஸ்கலிதம் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டுத் தெளிவு பெற்றார்கள். தேவையான ஒன்றை அறிந்துகொள்ள வெட்கம் தடையாக இருக்கக் கூடாது என்பதற்கு இது நமக்கு முன்மாதிரி.

டெஸ்டோஸ்டிரோன் என்றால் என்ன?

ஆண்மைக்குரிய முக்கிய ஹார்மோன் இது. பெரும்பகுதி விரைகளில் சுரக்கிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி விரைகளை வேலை செய்ய வைக்கிறது. மீசை, தாடி, கனத்த குரல், தசை வலு, எலும்பின் உறுதி, இரத்தச் சிவப்பணு உற்பத்தி, தாம்பத்திய ஆசை, விந்தணு உற்பத்தி ஆகிய எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. 1935-ல் அடால்ஃப் பூட்டெனாண்ட், லியோபோல்ட் ருசிக்கா ஆகிய விஞ்ஞானிகள் இதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்டறிந்தனர்.

ஏன் குறைகிறது?

சிலருக்குக் கோளாறு விரைகளிலேயே இருக்கும். பிறவியிலேயே கூடுதல் எக்ஸ் குரோமோசோம் இருப்பது, விரை கீழிறங்காமல் இருப்பது, பொன்னுக்கு வீங்கி விரைகளைத் தாக்கியது, அடிபட்டது, புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

வேறு சிலருக்கு விரைகள் நன்றாக இருந்தும் பிட்யூட்டரியிலிருந்து கட்டளை வராது. பிட்யூட்டரி கட்டி, நீண்ட நாள் ஸ்டீராய்டு அல்லது ஓபியாய்டு வகை வலி மருந்துகள் இதற்குக் காரணமாகலாம்.

இன்று அதிகம் காணப்படும் காரணங்கள் உடல் பருமன், இரண்டாம் வகை சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகியவை. வளைகுடாவில் இரவு ஷிப்ட் பார்த்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, நடையே இல்லாமல் வாழும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வயது ஏற ஏறவும் இந்த ஹார்மோன் மெதுவாகக் குறையும். ஆனால் அப்படிக் குறைவது எல்லாமே நோயல்ல.

அறிகுறிகள்

• தாம்பத்திய ஆசை குறைதல், காலையில் இயல்பாக வரும் விறைப்பு நின்றுபோதல்
• காரணமில்லாத சோர்வு, மனச்சோர்வு, கவனக்குறைவு
• தசை மெலிந்து வயிற்றில் கொழுப்பு சேர்தல்
• தாடி, உடல் முடி வளர்ச்சி குறைதல், மார்பகம் பெருத்தல்
• இரத்தசோகை, எலும்புத் தேய்மானம்

சோர்வு மட்டும் இருந்தால் அது தைராய்டு, சர்க்கரை, தூக்கமின்மை, மனக்கவலை ஆகியவற்றாலும் இருக்கலாம். எனவே அறிகுறியை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

பரிசோதனை

இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ஆகவே வெறும் வயிற்றில், காலை 7 முதல் 10 மணிக்குள் இரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு முறை குறைவாக வந்தால் போதாது. வேறொரு நாளில் மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் பொதுவாகக் குறைபாடு என்கிறார்கள். பிறகு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் பரிசோதனைகள் கோளாறு விரையிலா, பிட்யூட்டரியிலா என்பதைக் காட்டும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் அல்லது ஆண்களுக்கான சிறுநீரகவியல் மருத்துவரை அணுகுவது நல்லது.

சிகிச்சை

பருமன் உள்ளவர்களுக்கு எடையைக் குறைத்தாலே ஹார்மோன் அளவு உயரும். நடை, உடற்பயிற்சி, போதிய தூக்கம், சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவை முதல் படி.

உறுதியான குறைபாடு இருந்தால் ஹார்மோனை வெளியிலிருந்து தருவார்கள். தினமும் தோளில் தடவும் ஜெல், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி, 10 முதல் 14 வாரங்களுக்கு ஒருமுறை போடும் நீண்டகால ஊசி, உணவோடு சாப்பிடும் மாத்திரை எனப் பல வகை உண்டு.

ஜெல் தடவுபவர் கையை நன்றாகக் கழுவி, தடவிய இடத்தை ஆடையால் மூட வேண்டும். மருந்து ஒட்டிய தோல் மனைவி மீதோ குழந்தை மீதோ பட்டால் அவர்கள் உடலிலும் அது சேர்ந்து பாதிப்பைத் தரும்.

மிக முக்கிய எச்சரிக்கை

குழந்தை வேண்டும் என்பவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடுகிறது; விரைகளில் விந்தணு உற்பத்தியும் குறைந்து, சிலருக்கு முற்றிலும் நின்றுவிடுகிறது. மருந்தை நிறுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகலாம். உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர்க்க ஊசி போடும் இளைஞர்களுக்கும் இதே கதிதான். மகன் "ஜிம் ஊசி" போடுகிறானா என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும். குழந்தை விரும்புவோருக்கு எச்.சி.ஜி. போன்ற வேறு மருந்துகள் உள்ளன. ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் அதை மறைக்கக் கூடாது.

புரோஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இரத்தம் தடித்திருப்பவர்கள் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை. இதய ஆபத்துள்ள சுமார் 5,200 ஆண்களிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் இரத்தக்கட்டியும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. ஆகவே சிகிச்சையில் இருப்பவர்கள் இரத்த அடர்த்தி, பி.எஸ்.ஏ., இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்த காலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உளூவும் நோன்பும்

ஜெல் தடவிய இடத்தை மருந்தைப் பொறுத்து 2 முதல் 5 மணி நேரம் நனைக்கக் கூடாது. குளிப்பு கடமையானவர் குளித்து, ஃபஜ்ர் தொழுத பிறகு தடவினால் சிரமமில்லை. தோளில் மட்டும் தடவினால் உளூவில் முழங்கை வரை கழுவுவதற்கும் தடையில்லை. சத்தில்லாத மருந்து ஊசி நோன்பை முறிக்காது என்பது இன்றைய அறிஞர்கள் பலரின் கருத்து. மாத்திரையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஜெல்லில் உள்ள ஆல்கஹால், மாத்திரை உறையில் உள்ள ஜெலட்டின் பற்றிச் சந்தேகம் இருப்போர் நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

குழந்தையின்மைக்கு இந்த ஹார்மோன் மட்டுமே காரணமல்ல. அளவு சரியாக இருந்தும் விந்தணு குறைவாக இருக்கலாம். எனவே மருமகளை மருத்துவரிடம் அனுப்பும் அன்றே மகனும் உடன் செல்லட்டும். ஓர் எளிய விந்துப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் பல ஆண்டுப் பழிச்சொல்லைத் தவிர்க்கும். ஒரு குடும்பம் உடையாமல் காக்கவும் கூடும், இன்ஷா அல்லாஹ்.

நோயற்ற வாழ்வையும் ஸாலிஹான சந்ததிகளையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.