நாற்பது மூட்டைப் பருத்தி

அமெரிக்காவின் தொடக்ககாலச் சுங்கவரிச் சண்டையை வடக்குக்கும் தெற்குக்கும் இடையே பிறவியிலேயே இருந்த பகை என்று எழுதிவிடுவது எளிது. 1816ஆம் ஆண்டு வரிச் சட்டத்தைப் பார்த்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது. பிரிட்டனுடனான போர் ஓய்ந்ததும் இங்கிலாந்துத் துணி அமெரிக்கத் துறைமுகங்களில் மலிவாக வந்து குவிந்தது. உள்ளூர் ஆலைகளைக் காக்க வரி வேண்டும் என்று காங்கிரஸில் வாதாடியவர் தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன். எதிர்த்தவர்களில் ஒருவர் நியூ இங்கிலாந்தின் டேனியல் வெப்ஸ்டர். கப்பல் வணிகத்தால் வாழ்ந்த ஊர்க்காரர் அவர். சரக்கு வந்தால்தானே கப்பலுக்குக் கூலி? பன்னிரண்டே ஆண்டுகளில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். பாஸ்டன் முதலாளிகளின் பணம் கப்பலிலிருந்து நெசவாலைக்கு நகர்ந்தது; 1824இல்கூட வரியை எதிர்த்துப் பேசிய வெப்ஸ்டர் 1828இல் ஆதரித்து வாக்களித்தார். 1819 பொருளாதார நெருக்கடியில் பருத்தி விலை சரிந்தது. காப்பு வரியே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று எழுதும் இடத்துக்குக் கால்ஹூன் வந்து சேர்ந்தார். கொள்கை மாறுவதற்கு முன்பே பணப்பை மாறியிருந்தது.

தெற்கிலும் ஒரே குரல் இல்லை. லூசியானாவின் கரும்புத் தோட்டக்காரர்களுக்கும் கென்டக்கியின் சணல் விவசாயிகளுக்கும் வரி தேவைப்பட்டது. 1828 மசோதாவில் கச்சாக் கம்பளி, இரும்பு, சணல், வெல்லப்பாகு எல்லாவற்றுக்கும் வரி ஏற்றப்பட்டிருந்தது. இத்தனை கசந்தால் நியூ இங்கிலாந்தே இதைக் கவிழ்த்துவிடும் என்று நம்பிய தென்னக உறுப்பினர்கள் அதைத் திருத்தாமல் விட்டார்கள். மசோதா 105க்கு 94 என்று கீழவையில் தேறிவிட்டது. தந்திரம் தன் தலையிலேயே விழுந்த பிறகு 'அருவருப்பு வரி' என்று பெயர் சூட்டிக் கொதித்தார்கள்.

அப்படியானால் தென் கரோலினா மட்டும் 1832 நவம்பரில் வரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது ஏன்? நூறு மூட்டைப் பருத்தியில் நாற்பது வரியாகவே போகிறது என்றார் அம்மாநிலத்து ஜார்ஜ் மெக்டஃபி. சுமை உண்மை, கணக்கு மிகை. அதே பருத்தியை விளைவித்த ஜார்ஜியாவும் அலபாமாவும் முணுமுணுத்தனவே தவிர, கூட வரவில்லை. தென் கரோலினாவின் பழைய நிலம் சத்திழந்திருந்தது. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள். 1822இல் சார்ல்ஸ்டனில் அடிமைக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாக டென்மார்க் வெசி உட்பட 35 பேர் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். வரி விதிக்கும் பெரும்பான்மை நாளை அடிமை முறையிலும் கைவைக்கும் என்பதே அச்சம். வரி உடனடித் தூண்டுதல்தான், உண்மைக் காரணம் வேறு என்று 1830இல் கால்ஹூனே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். அப்படியென்றால் பணப்பை வாதம் பொய்யா? இல்லை, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அது சொல்லும், துப்பாக்கியைத் தொடும் அளவுக்கு ஏன் போனார்கள் என்பதை மட்டும் சொல்லாது.

1833 மார்ச் 2 அன்று அதிபர் ஜாக்சன் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார்: செனட்டர் ஹென்றி கிளேயின் சமரசப்படி 1842க்குள் வரியை 20 சதவீத அளவுக்கு இறக்குவது ஒன்று, வரி வசூலுக்குப் படையை அனுப்ப அனுமதிப்பது மற்றொன்று. வரிச் சட்டங்கள் செல்லாது என்று அறிவித்த தென் கரோலினா மாநாடு மீண்டும் கூடி, அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கலைவதற்கு முன், தேவையே இல்லாமற்போன அந்தப் படைச் சட்டத்தையும் செல்லாது என்று அறிவித்துவிட்டுத்தான் கலைந்தது.