நரிவேட்டைத் தடையும் மறைந்து கிடந்த வினாவும்

2004ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் வேட்டைச் சட்டம் நிறைவேறியது. நாய்க்கூட்டத்தை ஏவி நரி, மான் முதலிய காட்டு விலங்குகளைத் துரத்திக் கொல்லுதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் அதனாற் குற்றமாயிற்று. 2005 பிப்ரவரி 18 முதல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு சிறு விலங்கின் பொருட்டு எழுந்த இவ்வழக்கு நெடுங்காலம் அந்நாட்டு வரலாற்றாசிரியரையும் நாவலாசிரியரையும் அரசியலாரையும் நீதிபதிகளையும் தன்பால் ஈர்த்து நின்றது. இவ்வழக்கில் எழுந்த வினாக்கள் யாவை, அவற்றுள் உரிய வினா எது, அது மறைந்து கிடந்தமைக்குக் காரணம் யாது என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நரியும் வேட்டையும்

முதற்கண் சொற்பொருளைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். தமிழில் நரி என்னும் சொல் பரந்த பொருளுடையது. ஊளையிடும் குள்ளநரியையும் நாம் நரி என்றே வழங்குகின்றோம். ஆங்கிலேயர் வேட்டையாடியதோ செம்மயிரும் அடர்ந்த வாலும் உடைய செந்நரி. நீலகிரியிற் குடியேறிய ஆங்கிலேயர் அங்குச் செந்நரியைக் காணாராய், உதகையை அடுத்த வென்லாக் புல்வெளிகளில் நம் நாட்டுக் குள்ளநரியைத் துரத்தி அவ்வேட்டையை நடத்தினர். விலங்கு மாறியும் வேட்டை மாறவில்லை. அவர்தம் வேட்கை நரியின்மேல் அன்று, துரத்தலின்மேல் என்பது இதனாற் பெறப்படும். இக்குறிப்பு நம் ஆராய்ச்சிக்குப் பின்னரும் பயன்படும்.

நரிவேட்டை அந்நாட்டில் தொன்றுதொட்டே உயர்குடியினர்க்கு உரியதாய் விளங்கியது என்று கருதுவாருளர். அக்கருத்துப் பொருந்தாது. பழங்காலத்தில் அரசரும் பிரபுக்களும் விரும்பியது மான்வேட்டையே. நரி, கோழியையும் ஆட்டுக்குட்டியையும் கவரும் கேடுடைய விலங்காகவே எண்ணப்பட்டது. 1566ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நரித்தலை ஒன்றிற்கு 12 பென்னி பரிசு வகுத்தது. காடுகள் அருகி மான்கள் குறைந்த பின்னரே செல்வர் நரியின்பால் திரும்பினர். 1753இல் லெஸ்டர்ஷயரில் குவோர்ன் வேட்டைக் குழுவின் தலைமையை ஏற்ற ஹியூகோ மெய்னெல், விரைந்தோடும் நாயினத்தை வளர்த்து, வேட்டையைக் குதிரைப் பாய்ச்சலுக்கு ஏற்ற வீர விளையாட்டாக மாற்றினார்.

இம்மாற்றத்தால் ஒரு முரண்பாடு தோன்றிற்று. வேட்டை நிலங்களில் நரி தங்குதற்பொருட்டுப் புதர்க்காடுகள் வளர்க்கப்பட்டன. நரியைச் சுட்டுக் கொல்லுதல் பண்பற்ற செயலென இகழப்பட்டது. நரி போதாத இடங்களுக்கென ஐரோப்பாவிலிருந்து நரிகள் கொணரப்பட்டு, இலண்டன் லெடன்ஹால் சந்தையில் விற்கப்பட்டன. முன்னர்த் தலைக்கு விலை வைக்கப்பட்ட விலங்கு, பின்னர் உயிரோடு விலைக்கு வாங்கப்பட்டது. நரியை ஒழித்தற்கே வேட்டை என்னும் வாதத்தை எடைபோடுவார் இவ்வரலாற்றை மறத்தலாகாது.

எளியோர் விளையாட்டும் செல்வர் விளையாட்டும்

விலங்குக் கொடுமையைச் சட்டத்தால் தடுக்கும் முயற்சி, நரியை முன்னிட்டு எழவில்லை. எருதை முன்னிட்டு எழுந்தது. எருதைக் கட்டிவைத்து நாய்களை ஏவிக் கடிக்கவிடும் விளையாட்டைத் தடுக்க 1800இல் காமன்ஸ் சபையில் ஒரு மசோதா வந்தது. வில்லியம் விண்டம் அதனை எதிர்த்தார். தாம் நரியையும் மானையும் துரத்தி மகிழும் செல்வர், எளியோர்க்குரிய விளையாட்டை மட்டும் கொடுமையென விலக்குதல் நடுநிலையாகாது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். மசோதா தோற்றது.

விண்டத்தின் வாதம் கூர்மையானதே. ஆயினும் அதனை இருவகையாகக் கொள்ளலாம். இரண்டும் கொடுமையாதலின் இரண்டையும் விலக்குக எனலாம்; ஒன்றை விலக்காதபோது மற்றொன்றையும் விலக்கற்க எனலும் ஆம். அவர் பின்னதையே கொண்டார். எருது படும் துன்பம் யாது என்னும் வினா பின்தள்ளப்பட்டு, ஆடுபவர் யார் என்னும் வினா முன்வந்தது.

1822இல் ரிச்சர்டு மார்ட்டின் முயற்சியால் கால்நடைக் கொடுமைத் தடுப்புச் சட்டம் தோன்றியது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் எருதுக்கடியையும் கரடிக்கடியையும் சேவற்போரையும் விலக்கிற்று. 1911ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு விலங்குகளுக்கும் பிடிபட்ட விலங்குகளுக்குமே காப்பளித்தது. தன்னிச்சையாய்த் திரியும் காட்டு விலங்கு இவற்றின் எல்லைக்குள் வரவில்லை. எளியோர் விளையாட்டு மறைய, செல்வர் விளையாட்டு நிலைத்தது. விண்டம் சுட்டிய நடுநிலைக்குறை சட்டநூலிலேயே இடம்பெற்றுவிட்டது.

பிரீமனும் டிராலப்பும்

இந்நிலையில், 1869ஆம் ஆண்டு வரலாற்றாசிரியர் எட்வர்டு பிரீமன் ‘பார்ட்நைட்லி ரிவியூ’ என்னும் இதழில் கட்டுரை ஒன்று வரைந்தார். நார்மன் வெற்றியின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றவர் அவர். எருதுக்கடியை இழிவென ஒதுக்கிய சமுதாயம் நரிவேட்டையை மட்டும் போற்றுவது எவ்வாறு என்று வினவினார். கல்வியறிவுடையான் ஒருவன் இத்தகைய செயலில் இன்பங்காணல் கூடுமோ என்னும் ரோமப் பேரறிஞர் சிசரோவின் வினாவையும் துணைக்கொண்டார். உணவின்பொருட்டோ காப்பின்பொருட்டோ விலங்கைக் கொல்லுதலை அவர் மறுத்தாரல்லர். ஓர் உயிரின் துன்பத்தை மகிழ்ச்சிக்குரிய பொழுதுபோக்காக ஆக்கலாமா என்பதே அவர்தம் வினா.

அதே இதழில் மறுப்பெழுதியவர் நாவலாசிரியர் அந்தோனி டிராலப். தாமே வேட்டையில் பெருவிருப்புடையவர். தம் நாவல்கள் பலவற்றில் வேட்டைக் காட்சிகளை அமைத்தவர். மனிதர்க்குப் பொழுதுபோக்கு இன்றியமையாதது. நரி படும் துன்பம் அதனால் விளையும் நன்மையை நோக்க மிகையன்று என்னும் போக்கில் அவர் வாதிட்டார். இருவர் வாதமும் வெவ்வேறு அளவுகோல் உடையன. டிராலப் துன்பத்தையும் பயனையும் தராசில் இட்டு நிறுத்தார். பிரீமனோ, அத்தராசையே ஐயுற்றார். துன்பம் சிறிதா பெரிதா என்பது ஒரு வினா. அதனை இன்பமாக நுகரலாமா என்பது வேறொரு வினா. பின்வந்தோர் பெரும்பாலும் முன்னதையே பற்றிக்கொண்டனர்.

ஆய்வுக் குழுக்களும் வாக்கெடுப்புகளும்

1924இல் கொடிய வேட்டைகளை எதிர்க்கும் சங்கம் ஒன்று தோன்றியது. 1949இல் இரு தனி உறுப்பினர் மசோதாக்கள் வந்தன. ஒன்று தோற்றது, மற்றொன்று மீட்டுக்கொள்ளப்பட்டது. அப்போது ஆட்சியிலிருந்த தொழிற்கட்சி அரசே அவற்றை ஆதரிக்கவில்லை என்பது கருதத்தக்கது. அதனையொட்டி அமைந்த ஸ்காட் ஹெண்டர்சன் குழு 1951இல் அறிக்கை தந்தது. நரியைக் கட்டுப்படுத்தும் பிற முறைகளினும் வேட்டை கொடியதன்று என்பது அதன் முடிபு.

1997இல் மைக்கேல் பாஸ்டர் கொணர்ந்த மசோதா 411க்கு 151 என்னும் வாக்குகளால் இரண்டாம் வாசிப்பில் வென்றும், காலம் போதாமையால் கைவிடப்பட்டது. 1999இல் பர்ன்ஸ் பிரபு தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு 2000ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அறிக்கை வெளியிட்டது. பதிவுபெற்ற நாய்க்குழுக்கள் ஆண்டொன்றுக்கு 21,000 முதல் 25,000 வரை நரிகளைக் கொல்லுகின்றன என்றும், 6,000 முதல் 8,000 வரையிலான முழுநேர வேலைக்கு ஈடான தொழில் வேட்டையைச் சார்ந்துள்ளது என்றும் அது மதிப்பிட்டது. துரத்திக் கொல்லுதல் நரியின் நலத்தைப் பெரிதும் குலைக்கின்றது என்று கூறிய அக்குழு, தடைசெய்க என்றோ வேண்டா என்றோ கூறவில்லை.

கிராமத்தார் தரப்பையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். மேட்டு நிலங்களில் ஆடு வளர்ப்போர்க்கு நரி மெய்யாகவே இடராகும். பண்ணைகளில் இறந்த கால்நடைகளை அகற்றும் பணியையும் வேட்டைக் குழுக்கள் செய்துவந்தன. நகரத்தார் தம் வாழ்வை அறியாது தீர்ப்புரைக்கின்றனர் என்னும் மனக்குறை அவர்களிடம் ஆழ்ந்திருந்தது. 2002 செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேரணியாகச் சென்றனர். அவர்கள் அனைவரும் செல்வர் அல்லர்.

அவ்வாண்டு டிசம்பரில் அரசு கொணர்ந்த மசோதா முழுத்தடையை நாடவில்லை. பயன் உண்டா, பிற முறைகளினும் துன்பம் குறைந்ததா என்னும் இரு சோதனைகளில் தேறும் வேட்டைக்கு உரிமம் வழங்கக் கருதிற்று. அஃது டிராலப்பின் தராசை ஒத்தது. 2003இல் காமன்ஸ் சபை 362க்கு 154 என்னும் வாக்குகளால் அதனை முழுத்தடையாக மாற்றியது. பிரபுக்கள் சபை இசையாமையால், 1911, 1949 ஆகிய ஆண்டுகளின் பாராளுமன்றச் சட்டங்களைக் கொண்டு, பிரபுக்களின் இசைவின்றியே 2004இல் சட்டம் நிறைவேறியது. அப்போது பிரதமராக இருந்த டோனி பிளேர், 2010இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவுநூலில் இச்சட்டத்திற்காக வருந்தினார்.

நீதிமன்றம் கண்ட காரணம்

சட்டத்தின் நோக்கம் இன்னதென அச்சட்டமே கூறவில்லை. இக்குறை நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. சட்டம் மனித உரிமைக்கு முரணானது என்று தொடுத்த வழக்கில், அதன் நோக்கத்தைத் தேடிக் காணவேண்டிய கடமை நீதிபதிகளைச் சார்ந்தது. காட்டு விலங்குகளின் தேவையற்ற துன்பத்தைக் குறைத்தல் ஒன்று. விளையாட்டின்பொருட்டு விலங்கைத் துன்புறுத்தல் அறமன்று என்னும் கருத்து மற்றொன்று. இவ்விரண்டும் இணைந்ததே நோக்கம் என 2005இல் முடிவு கண்டனர். அன்று உச்சநிலை மன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை நீதிபதிகளும் 2007இல் வழக்கைத் தள்ளினர். இரண்டாவது காரணம் 1869இல் பிரீமன் எழுப்பிய வினாவின் விடையே. பாராளுமன்றம் சொல்லாது விட்டதை நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது.

இவ்விடைவெளியின் விளைவு இன்றும் தொடர்கின்றது. இரண்டு நாய்கள் வரை பயன்படுத்தி நரியை மறைவிடத்திலிருந்து வெளிப்படுத்திச் சுடுதற்குச் சில வரையறைகளோடு சட்டம் இடந்தருகின்றது. எலியை நாய்கொண்டு வேட்டையாடவும் விலக்களிக்கின்றது. செயற்கைத் தடமிட்டு நாய்களை ஓட்டும் தடவேட்டை தோன்றி, அதன் மறைவில் பழைய வேட்டையே நடைபெறுகின்றது என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. 2024ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் தொழிற்கட்சி தடவேட்டையையும் தடைசெய்வதாக உறுதி கூறியது. ஸ்காட்லாந்து 2002இல் இயற்றிய சட்டத்தைப் போதாதெனக் கண்டு 2023இல் கடுமையான புதுச்சட்டம் செய்தது.

முடிவுரை

நரிவேட்டை வழக்கில் மூன்று வினாக்கள் உள்ளன. ஆடுபவர் யார் என்பது ஒன்று. துன்பம் எவ்வளவு என்பது மற்றொன்று. துன்பத்தை இன்பமாக்கலாமா என்பது மூன்றாவது. முதல் வினா பகையை வளர்த்தது. இரண்டாம் வினா ஆய்வறிக்கைகளை வளர்த்தது. மூன்றாம் வினாவை எதிர்கொண்டு விடைபகர்ந்த சட்டமே நிலைபெறும். ஆடுவோர் செல்வர் என்பதற்காக ஒரு செயல் தீதாகாது. எளியோர் என்பதற்காக நன்றுமாகாது. துரத்துவோர் யாவராயினும், துரத்தப்படும் உயிர்க்கு அச்சம் ஒன்றே. அவ்வச்சத்தை வேடிக்கையாகக் காணுதல் தகாது என்று வெளிப்படக் கூறியிருப்பின், சட்டம் எவருடைய வாழ்வையும் பழித்ததாகாது. எதிர்ப்போரும் தம்மை வென்ற காரணத்தையேனும் அறிந்திருப்பர். சட்டம் இயற்றுவோர் விலக்குவதை மட்டும் கூறாது, விலக்கும் காரணத்தையும் கூறுதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் நாம் துணியும் முடிபு.