தேடுபொறி விலக்கு

தேடுபொறி விலக்கு என்பது ஒரு வலைப்பக்கத்தை இணையத்திலிருந்து நீக்காமல், தேடல் முடிவுகளில் மட்டும் அது தோன்றாதவாறு செய்வதாகும். இவ்வாறு விலக்கப்பட்ட பக்கத்தை அதன் முகவரியை அறிந்தவர்களும் பிற பக்கங்களிலுள்ள இணைப்புகளின் வழியாக வருபவர்களும் வழக்கம்போலப் படிக்கலாம். காலங்கடந்த அறிவிப்புகள், மென்பொருள்களின் பழைய பதிப்புகளுக்கான கையேடுகள் முதலியவற்றைப் பாதுகாக்க இம்முறை பயன்படுகின்றது.

தேவை

பழைய பக்கம் அழிக்கப்பட்டால் அதனைச் சுட்டும் இணைப்புகள் யாவும் பயனற்றுப் போகின்றன. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ, வலை முகவரிகள் மாறாதிருக்க வேண்டும் என 1998ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தினார். ஆயினும், பழைய பக்கம் தேடலில் முதலாவதாக வருமானால், நடைமுறையில் இல்லாத விதியையோ கட்டணத்தையோ படிப்பவர் உண்மையென நம்பிவிடக்கூடும். பதிவும் அழியாமல், படிப்பவரும் வழிதவறாமல் இருக்கத் தேடுபொறி விலக்கு உதவுகின்றது.

செயற்படும் முறை

தேடுபொறியின் பணி இரு கட்டங்களில் நிகழ்கின்றது. முதலில் தவழ்வி எனப்படும் தானியங்கி நிரல் பக்கங்களைப் படிக்கின்றது. பின்னர் அவை தேடுபொறியின் அட்டவணையில் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிக் கட்டளை உண்டு.

* ரோபோட்ஸ் கோப்பு: வலைத்தளத்தின் மூல அடைவில் வைக்கப்படும் எளிய உரைக்கோப்பு. தவழ்வி படிக்கக்கூடாத பகுதிகளை இது குறிப்பிடுகின்றது.
* நோஇன்டெக்ஸ் குறிச்சொல்: பக்கத்தின் எச்டிஎம்எல் தலைப்பகுதியில் இடப்படுவது. பக்கத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்பது இதன் பொருள். பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்கு இதே கட்டளையை வழங்கி அனுப்பும் எச்டிடிபி தலைப்பில் சேர்க்கலாம்.

இவ்விரண்டையும் ஒரே பக்கத்துக்கு ஒருசேரப் பயன்படுத்தினால் எதிர்பார்த்த பயன் கிட்டாது. ரோபோட்ஸ் கோப்பினால் தடுக்கப்பட்ட பக்கத்தைத் தவழ்வி திறப்பதில்லை. எனவே அதனுள் உள்ள நோஇன்டெக்ஸ் கட்டளையையும் அது அறியாது. பிற தளங்கள் அப்பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், உள்ளடக்கம் இன்றி முகவரி மட்டும் தேடல் முடிவுகளில் தோன்றக்கூடும். ஆகவே, விலக்க வேண்டிய பக்கத்தைத் தவழ்வி படிக்க அனுமதித்து, நோஇன்டெக்ஸ் கட்டளையை இடுவதே சரியான முறையாகும். தவழ்வி மீண்டும் வந்து படித்த பின்னரே பக்கம் முடிவுகளிலிருந்து நீங்கும்.

வரலாறு

ரோபோட்ஸ் கோப்பு முறையை 1994ஆம் ஆண்டு மார்ட்டைன் கோஸ்டர் முன்மொழிந்தார். தவழ்விகள் வழங்கிகளுக்கு ஏற்படுத்திய சுமையைக் குறைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நெடுங்காலம் மரபாகவே பின்பற்றப்பட்ட இம்முறை, 2022 செப்டம்பரில் ஆர்எஃப்சி 9309 என்னும் ஆவணமாக வெளியிடப்பட்டது. ரோபோட்ஸ் கோப்பினுள் எழுதப்படும் நோஇன்டெக்ஸ் வரிகளை 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் ஏற்பதில்லை.

சட்ட நிலை

எசுப்பானிய நாளிதழான லா வான்கார்தியா, கடனுக்காக ஏலத்துக்கு வந்த ஒருவரது சொத்து பற்றிய அறிவிப்பை 1998இல் வெளியிட்டது. கடன் தீர்ந்து பல்லாண்டுகள் கழிந்தும், அவரது பெயரைக் கூகுளில் தேடினால் அவ்வறிவிப்பே வந்தது. நாளிதழின் பக்கம் சட்டப்படி வெளியானது என்பதால் அதனை நீக்கும் கோரிக்கையை எசுப்பானியத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு ஏற்கவில்லை. கூகுளுக்கு எதிரான முறையீட்டை ஏற்றது. ஒருவரின் பெயரைத் தேடும்போது வரும் இத்தகைய இணைப்புகளை, மூலப்பக்கம் சட்டப்படியானதாக இருப்பினும், நீக்குமாறு தேடுபொறியைக் கோரலாம் என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 மே 13 அன்று தீர்ப்பளித்தது. பொதுநலன் மேலோங்கும் நேர்வுகளுக்கு இது பொருந்தாது.

வரம்புகள்

இக்கட்டளைகள் வேண்டுகோள்களே, இவற்றை மதிக்காத தவழ்விகளும் உள்ளன. மேலும், ரோபோட்ஸ் கோப்பை எவரும் திறந்து பார்க்கலாம். மறைக்க விரும்பும் அடைவின் பெயரை அதில் எழுதுவது அவ்விடத்தைக் காட்டிக்கொடுப்பதாகவே முடியும். தனிப்பட்ட தகவல்களைக் காக்கக் கடவுச்சொல் போன்ற அணுக்கக் கட்டுப்பாடு தேவை.