பக்தாதை விட்டகன்ற இமாமும் நதியைக் கடவாத அறிஞரும்

"பட்டணத்து வாழ்க்கை ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளையை ஊருக்கு அழைத்து வந்துவிடுங்கள்." மனக்கலக்கத்தால் உறக்கமிழந்த இளைஞரின் பெற்றோர்க்கு நம் பெரியவர்கள் வழங்கும் அறிவுரை பெரும்பாலும் இதுவே. நாமும் பன்முறை இதனைக் கூறியிருக்கிறோம். கூறும்போதெல்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாற்றைச் சான்றாகக் காட்டியதும் உண்டு. பக்தாத் மாநகர் அவர்கள் நெஞ்சை அழுத்தியது, அதனைத் துறந்தார்கள், அமைதி பெற்றார்கள் என்று மேடையில் சொல்லிவிடுவது எளிது. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் விஷயத்தில் அந்த அறிவுரை பிழைத்துப் போன பின்னரே, அவ்வரலாற்றை மீண்டும் நிதானமாக எடுத்துப் படித்தோம்.

இமாமவர்கள் தம் கதையைத் தாமே 'அல்முன்கிது மினள் ளலால்' என்னும் நூலில் எழுதி வைத்துள்ளார்கள். கி.பி. 1091இல் (ஹிஜ்ரி 484) வஸீர் நிஜாமுல் முல்க் அவர்களை பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலைக்குத் தலைமை ஆசிரியராக நியமித்தார். அப்போது வயது முப்பத்து மூன்று அளவே. முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். நான்காண்டுகள் கழிந்து, ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் தொட்டு ஏறக்குறைய ஆறு மாதங்கள் அவர்கள் பட்ட துன்பத்தைப் படிப்போர், அஃது ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது என்பதையே மறந்துவிடுவர். போவதா இருப்பதா என்னும் போராட்டம். காலையில் ஒரு முடிவு; மாலையில் அதற்கு மாறு. இறுதியில் நாவே கட்டுண்டது. பாடம் நடத்த வாய் திறந்தால் சொல் வரவில்லை. உணவும் நீரும் இறங்க மறுத்தன. உடல் மெலிந்தது. நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியது. உள்ளத்தின் கவலை நீங்கினாலன்றி மருந்தால் பயனில்லை என்று வைத்தியர்கள் கைவிரித்தனர்.

இதற்கு நகரத்தின் இரைச்சலையோ நெருக்கடியையோ இமாமவர்கள் காரணமாகக் கூறவில்லை. தாம் கற்பித்தது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மையே கேட்டு, கிடைத்த விடையைக் கண்டு நடுங்கியதாகவே எழுதுகிறார்கள். அவர்களை ஆதரித்த வஸீர் 1092இல் கொலையுண்டதையும், அதனையொட்டிய அரசியல் குழப்பத்தையும் காரணமாகக் கொள்வோரும் உளர். அதனை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. ஆயினும் நோயாளியே தம் நோயைச் சொல்லும்போது அதனை முதலில் கேட்பதுதானே முறை.

அவர்கள் எங்கே சென்றார்கள் என்பதுதான் நாம் மேடைகளில் விட்டுவிட்ட செய்தி. எந்தக் குக்கிராமத்திற்கும் அவர்கள் செல்லவில்லை. மற்றொரு பெருநகரான திமிஷ்குக்கே (டமாஸ்கஸ்) சென்றார்கள். கடைவீதிகள் சூழ்ந்த பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டு, பகல் முழுவதும் தனித்திருந்தார்கள். பதவியும் மாணவர் கூட்டமும் அங்கில்லை. பைத்துல் முகத்தஸுக்கும் ஹஜ்ஜுக்கும் சென்ற பின், பிள்ளைகளின் அழைப்பு அவர்களைத் தாயகத்துக்கு இழுத்தது. அங்கேயோ குடும்பப் பொறுப்பும் பிழைப்பின் தேவையும் தம் தனிமையின் தெளிவைக் கலைத்தன என்று ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறார்கள். மினாராவில் கிட்டிய அமைதி சொந்த மண்ணில் அவ்வப்போதுதான் கிட்டியது!

தனிமை எல்லோர்க்கும் மருந்தாகுமா? இமாமவர்களுக்கு முன்பே இவ்வினாவை ஆராய்ந்தவர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு கி.பி. 934). பல்க் நகருக்கு அருகே ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் பிறந்து, பக்தாதில் கற்று, மீண்டும் தம் பகுதிக்கே திரும்பியவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்' என்னும் இவரது நூலின் முற்பகுதி உடல் நலத்தையும் பிற்பகுதி உள்ள நலத்தையும் பேசுகிறது. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனும் ஓயாத உள்ளரிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து ஆராய்கிறார். உடல் நோய் என்றோ ஒருநாள் வருவது. உள்ளத்தின் துன்பமோ எவரையும் நாள்தோறும் தீண்டுவது என்பது அவர் கருத்து. வஸ்வாஸால் வருந்துவோர் தனித்திருத்தலே ஆகாது. நண்பரும் உறவினரும் உடனிருக்க வேண்டும். ஓய்ந்த வேளையில்தான் அந்த அரிப்பு பெருகும் என்கிறார். இஸ்தான்புல் ஆயா சோபியா நூலகச் சுவடிகளில் நெடுங்காலம் உறங்கிய இந்நூலின் நிழற்படப் பதிப்பு 1984இல் பிராங்க்பர்ட்டில் வெளியாயிற்று. நம் மத்ரஸாக்களில் இதன் பெயரும் வழங்காதது வருத்தத்திற்குரியது.

அச்சத்தைப் பற்றி எழுதிய இவருக்கும் அச்சம் இருந்தது. குராசான் அமீர் இவரைப் புகாராவுக்கு அழைத்தார். புறப்பட்டுச் சென்றவர் ஜைஹூன் (ஆமு தர்யா) நதியின் அகலத்தையும் அலைகளையும் கண்டு கரையிலேயே நின்றுவிட்டார். என் அறிவை நம்பி அழைத்தீர்கள், இந்நதியைக் கடந்தால் எனக்கு அறிவில்லை என்றாகிவிடும் என்னும் கருத்துப்பட மடல் எழுதி அனுப்பினார். அமீர் வியந்து, ஊர் திரும்ப அனுமதித்தார். இதனைப் புவியியலார் அல்முகத்தஸீ பதிவு செய்துள்ளார். மனக்கலக்கம் உடையோரை ஈமான் குறைந்தவர் எனப் பழிக்கும் நம் அன்பர்கள் இந்நதிக்கரையைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

பின்வந்த ஆட்சியாளர்கள் எழுப்பிய பீமாரிஸ்தான் எனும் மருத்துவமனைகளும் கவனிக்கத்தக்கவை. நூருத்தீன் 1154இல் திமிஷ்கில் கட்டியதும், சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவின் மிகுந்த நடமாட்டமுள்ள வீதியில் கட்டியதும் நகரின் நடுவிலேயே அமைந்தன. 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மருத்துவமனையில் மனநோயாளர்க்கென்றே அறைகள் சூழ்ந்த சிறு முற்றங்களும், அவற்றின் நடுவே நீர்த்தடாகங்களும் இருந்தன. சித்தம் கலங்கியவரை ஊருக்கு வெளியே ஒதுக்காமல், உற்றார் வந்து காணும் தூரத்தில் ஓர் அமைதியைக் கட்டிக் கொடுத்தார்கள்.

நாட்டுப்புறத்தாரையும் நகரத்தாரையும் ஒப்பிட்ட இப்னு கல்தூனை இங்கு விட்டுவிட முடியாது. நகரத்தார் மதிலையும் ஆட்சியாளரையும் நம்பித் தம் காவலைப் பிறரிடம் ஒப்படைத்தவர். பாலையில் வாழ்வோர் தம்மைத் தாமே காப்பதால் துணிவுடையோர் என்றார் அவர். ஆபத்து மிகுந்த இடத்தில் அச்சம் குறைவு, ஆபத்து குறைந்த இடத்தில் அச்சம் மிகுதி! ஆனால் முகத்திமாவை ஒதுக்குப்புறமான இப்னு ஸலாமா கோட்டையில் 1377இல் எழுதிய அவரே, நூல்களைத் தேடி மறு ஆண்டு தூனிஸ் நகருக்குத் திரும்பினார். வளம் மிகுந்த நாடுகளின் ஆய்வுகள் பலவற்றை 2010இல் தொகுத்து நோக்கியோரும், கவலை நோய் நகரத்தாரிடம் மிகுதி என்றே கண்டனர். அதனை நாம் ஏற்கிறோம். எனினும் சிற்றூர்களிலும் அந்நோய் உண்டு என்பதை அவ்வாய்வுகளே காட்டுகின்றன.

அம்மாணவரின் செய்திக்கு வருவோம். நகரில் கடையொன்றில் கணக்கெழுதி வந்தவர். படபடப்பும் உறக்கமின்மையும் கண்டு, நம் சொற்படி அவருடைய வாப்பா ஊருக்கு அழைத்து வந்தார். மாடியறை, தென்னந்தோப்பு, வேளைக்குச் சோறு, பேச ஆளில்லை. வயதொத்தோர் அனைவரும் வெளியூர்களில். மூன்று மாதத்தில் ஒரு தொழுகைக்கு ஐந்து முறை ஒலுச் செய்யும் நிலைக்கு வந்துவிட்டார். அவருடைய பெரியம்மா மகன்தான் மீண்டும் நகருக்கே அழைத்துச் சென்று தம் அறையில் தங்க வைத்துக்கொண்டு, மருத்துவரிடமும் காட்டினார். சுபுஹுத் தொழுகைக்குத் தம்முடனே அழைத்துச் சென்றார். உறக்கம் திரும்ப ஓராண்டு ஆயிற்று. இன்றும் அவர் அந்நகரில்தான் இருக்கிறார். வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்ததும் வாப்பாவுடன் தொலைபேசியில் பேசுகிறார். சில வேளைகளில் நம்முடனும்.