பதினேழு கனவான்களின் கூடம்

சர்வகலாசாலை என்றதும் நம் மனக்கண்முன் ஒரு காட்சி எழும். நீண்ட மதிற்சுவர், கோட்டை வாசல்போல் ஒரு கேட், உள்ளே மரங்கள் அடர்ந்த சாலைகள், நடுவிலே ஒரு மணிக்கூண்டு. ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில் இந்தக் காட்சியைத் தேடினால் ஏமாந்துதான் போக வேண்டும். "சர்வகலாசாலை எங்கே இருக்கிறது?" என்று வழிப்போக்கர் ஒருவரைக் கேட்டால், "அதில் எந்தக் கட்டிடம் வேண்டும்?" என்று அவர் திருப்பிக் கேட்பார். விஞ்ஞானத்துக்கும் சட்டத்துக்கும் நகரின் வேறு பாகங்களில் புதிய வளாகங்கள் எழுந்துவிட்டன. மொழி, இலக்கியம், சரித்திரம், தத்துவம் ஆகியவற்றைப் போதிக்கும் கலைப் பிரிவோ, பழைய நகரத்தின் நடுவே, கால்வாய்களுக்கும் சந்துகளுக்கும் இடையில், இங்கொரு வீடும் அங்கொரு வீடுமாகச் சிதறிக் கிடக்கிறது.

அந்த வீடுகளின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் வேடிக்கையாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பள்ளிக்கூடமாக இருப்பதற்கென்று கட்டப்பட்டவை அல்ல. ஒன்று கன்னியாஸ்திரீகளின் மடம். இன்னொன்று முதியோர் இல்லம். மற்றொன்று ஆஸ்பத்திரி. வேறொன்று, சொன்னால் நம்பமாட்டீர்கள், பெண்களை அடைத்து வைத்த சிறைச்சாலை!

இவையெல்லாம் வாத்தியார்கள் கைக்கு வந்து சேர்ந்த கதையின் தொடக்கம் 1578-ஆம் வருஷம். அந்த மே மாதத்தில் ஆம்ஸ்டர்டாமின் கத்தோலிக்க நிர்வாகம் கவிழ்ந்தது. புராட்டஸ்டன்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். ஊரெங்கும் நிறைந்திருந்த மடங்களை நகரசபை எடுத்துக்கொண்டது. இரண்டு கன்னி மடங்கள் இருந்த மனை ஆஸ்பத்திரி ஆயிற்று. 1980-களின் தொடக்கம் வரையில் அங்கே நோயாளிகளுக்கு வைத்தியம் நடந்தது. பிறகு ஆஸ்பத்திரி நகரத்தின் புறத்தே போய்விட, அந்த வளாகம் சர்வகலாசாலைக்கு வந்தது. அதை அடுத்த முதியோர் இல்லத்தை 1754-லிருந்து 1757-க்குள் புதிதாகக் கட்டினார்கள். அதன் வாசல்கள் ஒன்றின் மேலே கல்லில் ஒரு மூக்குக் கண்ணாடி செதுக்கியிருக்கிறது. கிழவர்களின் இல்லம் என்பதற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? 1880-லிருந்து அங்கே பாடம் நடந்தது. இல்லத்தின் ஊடே செல்லும் நடைவழியில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பழைய புத்தகக் கடைகள். மூக்குக் கண்ணாடி அப்போதும் பொருத்தமாகவே இருந்துவிட்டது!

பெண்கள் சிறை 1597-ல் ஏற்பட்டது. குற்றவாளிகள் என்று தீர்ப்பான ஸ்திரீகளை அடைத்து, நூல் நூற்கவும் துணி தைக்கவும் செய்தார்கள். காசு கொடுத்து உள்ளே போய் அவர்களை வேடிக்கை பார்க்கவும் ஜனங்கள் வந்தார்கள். அதே வாசல் வழியாக, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சமூகவியலும் மானிடவியலும் படிக்க மாணவிகள் நுழைந்தார்கள். சமூகம் யாரைக் குற்றவாளி என்கிறது, ஏன் என்கிறது என்று ஆராய்வதற்கு அதைவிடத் தகுந்த இடம் கிடைக்குமா?

ஆனால் நான் சொல்ல வந்தது மடத்தையும் சிறையையும் பற்றி அல்ல. வியாபாரிகளையும் வித்வான்களையும் பற்றி. அவர்கள் இருவரும் முதன்முதலில் கைகுலுக்கிக்கொண்ட இடம் புனித ஆக்னஸ் மடத்தின் சிறு கோயில். மடம் பறிமுதலான பிறகு அந்தக் கோயில் கப்பற்படைச் சாமான்கள் போட்டு வைக்கும் கிடங்காகக்கூட இருந்தது. 1632-ல் நகரசபை அங்கே ஓர் உயர்தரப் பள்ளியைத் தொடங்கிற்று. ஜனவரி 8-ஆம் தேதி வாஸியஸ் என்ற பேராசிரியர் சரித்திரத்தின் பயனைப் பற்றிப் பேசினார். மறுநாள் பார்லேயஸ் என்ற கவிஞர், தத்துவப் பேராசிரியராக மேடை ஏறினார். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் "ஞானமுள்ள வியாபாரி".

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். அன்றைய உலகத்திலேயே கொழுத்த வியாபாரிகள்! அவர்களுடைய பணத்தில் நடக்கும் பள்ளி. அங்கே நின்றுகொண்டு, பொருள் தேடுவது தப்பில்லை, ஆனால் அறம் அறிந்து தேட வேண்டும், வியாபாரமும் தத்துவமும் ஒன்றுக்கொன்று துணை என்று அவர் எடுத்துரைத்தார். எஜமானர்களைப் புகழவும் வேண்டும், புத்தி சொல்லவும் வேண்டும் என்ற சங்கடமான நிலைமைதான். அந்தப் பள்ளிக்குப் பட்டம் வழங்கும் உரிமை கிடைத்து, அது சர்வகலாசாலை ஆனது 1877-ல்.

பார்லேயஸ் பேசிய கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஞானத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாத வியாபாரிகளின் மாளிகை: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைக் காரியாலயம்.

கிழக்கிந்தியக் கம்பெனி என்றால் நமக்கு ஆங்கிலேயரின் ஞாபகம்தான் வரும். ஆனால் நம்முடைய கடற்கரையில் உலாந்தாக்காரர் என்று நம் முன்னோர் அழைத்த டச்சுக்காரர்களும் பெரிய வர்த்தகர்களாக இருந்தவர்களே. அவர்களுடைய கம்பெனி 1602 மார்ச் 20-ஆம் தேதி பிறந்தது. யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம் என்று அறிவித்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் டிர்க் வான் ஓஸ் என்ற வியாபாரியின் வீட்டில் பங்குப் புத்தகம் திறந்து வைத்திருந்தது. ஆகஸ்ட் 31-ஆம் தேதி கெடு முடிவதற்குள் 1,143 பேர் பெயர் எழுதி, 36 லட்சம் கில்டருக்கு மேல் சேர்ந்துவிட்டது. கடைசியாகப் பெயர் கொடுத்தவர்களில் ஒருத்தி, அந்த வீட்டு வேலைக்காரி நேல்ட்ஜே கோர்னெலிஸ். நாள் ஒன்றுக்கு அரை கில்டருக்கு மேல் சம்பாதித்திராத அந்தப் பெண் 100 கில்டருக்குக் கையெழுத்துப் போட்டாள்! வாரக் கணக்கில் வீட்டுக்குள் வந்து போன பணக்காரர்களுக்குக் கதவு திறந்துவிட்டவளுக்கும் ஆசை வந்ததில் ஆச்சரியம் என்ன?

கம்பெனி முதலில் நகரசபையின் ஆயுதக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்தது. 1606-ல் அதை ஒட்டிப் புது மாளிகை எழுந்தது. கம்பெனி வளர வளர, மாளிகையும் வளர்ந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் காரியாலயங்கள், கணக்கர் அறைகள், கிடங்குகள். கப்பலுக்கு ஆள் எடுக்கும் நாட்களில் முற்றத்தில் கூட்டம் நெரியும். 1602-லிருந்து 1795 வரையில் சுமார் பத்து லட்சம் பேர் அந்தக் கம்பெனியின் கப்பல்களில் ஹாலந்திலிருந்து கீழ்த்திசைக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

கம்பெனியின் மூளை அந்த மாளிகையில் ஒரு கூடத்தில் இருந்தது. நிர்வாகம் பதினேழு பேரிடம். "பதினேழு கனவான்கள்" என்பதே அவர்களுடைய பட்டம். ஆம்ஸ்டர்டாமுக்கு எட்டு ஸ்தானம், ஸீலாந்து மாகாணத்துக்கு நான்கு, மற்ற நான்கு ஊர்களுக்கு ஒவ்வொன்று. பதினேழாவது ஸ்தானம் ஆம்ஸ்டர்டாம் அல்லாதவர்களுக்கு முறைவைத்து. தொடர்ந்து ஆறு வருஷம் ஆம்ஸ்டர்டாமில் கூடுவார்கள். அடுத்த இரண்டு வருஷம் ஸீலாந்தின் மிடில்பர்க் நகரில். கூடத்தின் சுவர்களில் படேவியா கோட்டை, கொச்சி முதலிய ஊர்களின் சித்திரங்கள் தொங்கின. கனவான்கள் அந்த ஊர்களைப் படத்தில் பார்த்தே ஆட்சி செலுத்தினார்கள்.

அந்தக் கூடத்துக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் துணியில் தொடங்குகிறது. ஹாலந்துக்காரர்களுக்கு வேண்டியது மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். ஆனால் அந்தத் தீவுவாசிகளோ வெறும் வெள்ளிக் காசுக்கு மயங்குகிறவர்கள் அல்ல. அவர்கள் விரும்பியது சோழமண்டலக் கரையில் நெய்த துணி. ஆகவே ஜாதிக்காய்க்கு வழி நம் நெசவாளரின் தறி வழியாகப் போயிற்று. 1610-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் இறங்கினார்கள். 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்தார்கள். 1690-ல் சோழமண்டலத் தலைமை இடத்தையே அங்கே மாற்றிக்கொண்டார்கள். 1781-ல் ஆங்கிலேயரிடம் அதை இழக்கும் வரையில் நாகை அவர்கள் கையில் இருந்தது. எத்தனை கட்டுத் துணி, எந்த ரகம் என்று பதினேழு கனவான்களின் ஜாபிதா கப்பலேறி வரும். ஒரு கடிதம் வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். ஆனாலும் வந்துவிட்டால் இங்கே தறிகள் அதன்படி ஓட வேண்டும்.

துணியோடு நின்றிருந்தால் பாதகமில்லை. 1659 முதல் 1661 வரையில் தஞ்சைச் சீமையைப் பீஜப்பூர்ப் படைகள் சூறையாடின, பஞ்சம் தலைவிரித்தாடியது. பசி தாளாமல் ஜனங்கள் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் விற்றார்கள். வாங்குவதற்கு நாகையிலும் பழவேற்காட்டிலும் கம்பெனி காத்திருந்தது. எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேரை அந்தச் சில வருஷங்களில் அது வாங்கியதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோரை இலங்கைக்கும், சிலரைப் படேவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பினார்கள். காவேரிக் கரையில் பிறந்த ஒரு சிறுவன் எந்தத் தீவில், எந்த எஜமானனுக்காக மண் சுமந்து மடிந்தானோ? அவன் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? பார்லேயஸ் ஞானமுள்ள வியாபாரியைப் பற்றிப் பேசி அப்போது முப்பது வருஷம்கூட ஆகவில்லை.

கம்பெனி கடனில் மூழ்கி, 1799-ஆம் வருஷத்துக் கடைசி நாளோடு அதன் ஆயுளும் முடிந்தது. மாளிகை சர்க்காருக்குப் போயிற்று. பழைய ஆயுதக் கிடங்கை இடித்துவிட்டு, 1890-களில் வேறொரு கட்டிடம் எழுப்பினார்கள். வரி வசூலிக்கும் உத்தியோகஸ்தர்கள் நெடுங்காலம் மாளிகையில் குடியிருந்தார்கள். கடைசியில் அதுவும் சர்வகலாசாலைக்கு வந்தது. கனவான்களின் கூடத்தைப் பழைய தோற்றத்திலேயே திருப்பி அமைத்தும் வைத்திருக்கிறார்கள். சரித்திர மாணவர்கள் இன்று அந்த முற்றத்தைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள்.

வியாபாரி போன வீட்டில் வித்வான் குடியேறினான் என்று சந்தோஷமாகக் கதையை முடித்துவிடலாம். ஆனால் அதே ஊரில் இந்தக் கதை தலைகீழாகவும் நடந்திருக்கிறது.

1934-ல் புங்கே என்ற வர்த்தகக் கம்பெனி ஊர் நடுவே ஒரு பெரிய கட்டிடம் கட்டிற்று. பிற்பாடு அதுவும் கலைப் பிரிவின் கைக்கு வந்து, மொழிகளும் இலக்கியமும் அங்கே நடந்தன. பழைய கட்டிடங்களைக் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற காரியம். சர்வகலாசாலை நிர்வாகம் அந்தக் கட்டிடத்தை விட்டுவிடத் தீர்மானித்தது. அங்கே ஸோஹோ ஹவுஸ் என்ற லண்டன் நிறுவனத்தின் ஹோட்டலும், அங்கத்தினர்களுக்கு மட்டுமான கிளப்பும் வருவதாக ஏற்பாடு. இதற்கிடையில் கலைப் பிரிவின் செலவைக் குறைக்கும் திட்டமும் வந்தது. சிறிய மொழிகளைப் படிக்கிற மாணவர்கள் சிலர்தானே, வரவு செலவு கட்டுப்படியாகிறதா என்று கணக்குப் பார்த்தார்கள்.

மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். 2015 பிப்ரவரி 13-ஆம் தேதி புங்கே மாளிகைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். 24-ஆம் தேதி போலீஸார் வெளியேற்றினார்கள். மறுநாளே அவர்கள் சர்வகலாசாலையின் நிர்வாகக் காரியாலயத்தைப் பிடித்துக்கொண்டார்கள்! அது 1780-களில் கத்தோலிக்க அநாதைப் பெண்களுக்காகக் கட்டிய இல்லம். 1969 மே மாதத்திலும் ஒரு தடவை மாணவர்கள் அதைக் கைப்பற்றியிருந்தார்கள். அப்போது போலீஸ் முற்றுகையைத் தாண்டிச் சாப்பாடு கொண்டு போக, சந்துக்கு மேலே மரப்பாலமே கட்டிவிட்டார்கள். இந்தத் தடவை ஏப்ரல் 11 வரையில் பிடி தளரவில்லை. அவர்களை அப்புறப்படுத்திய சில நாட்களுக்குள் நிர்வாகக் குழுவின் தலைவி ராஜினாமாச் செய்தார். ஆனால் புங்கே மாளிகை திரும்பவில்லை. 2018-ல் கிளப் திறந்தாயிற்று.

அந்த மாணவர்கள் செங்கல்லுக்காகவும் சுண்ணாம்புக்காகவுமா சண்டை போட்டார்கள்? லாப நஷ்டம் பார்த்தே எதையும் தீர்மானிப்பது என்றால், சர்வகலாசாலைக்கும் பதினேழு கனவான்களுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்வி. பத்துப் பேர் மட்டுமே படிக்கிற ஒரு மொழி எதற்கு என்று கேட்கலாம். நாகப்பட்டினத்தில் விற்கப்பட்ட சிறுவனின் கதை முந்நூற்றைம்பது வருஷம் கழித்து வெளிவந்தது எப்படி? கம்பெனியின் தஸ்தாவேஜுகள் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜாகர்த்தாவிலும் கொழும்பிலும் கேப் டவுனிலும் இருக்கின்றன. நம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. 2003-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. பழைய டச்சு எழுத்தை வாசிக்கக் கற்றுக்கொண்ட யாரோ சிலர், லாபம் கருதாமல், கண்ணை இடுக்கிக்கொண்டு அவற்றைப் படித்தார்கள். அப்படிப் படித்ததால்தான், 2021 ஜூலை முதல் தேதியன்று ஆம்ஸ்டர்டாம் மேயர் அடிமை வியாபாரத்தில் தம் நகரத்துக்கிருந்த பங்குக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கும் நாளும் வந்தது.

திருப்பி அமைத்த அந்தக் கூடத்தைப் பார்க்கும் நம்மவர்கள் யாராவது இருந்தால், அதன் அழகைப் பார்த்து வியக்கட்டும், தப்பில்லை. வியந்த பிறகு, மாளிகையில் நடக்கும் சரித்திர வகுப்பையும் ஜன்னல் வழியே ஒரு கணம் எட்டிப் பார்க்கட்டும். கம்பெனி யாரையெல்லாம் சரக்காக எண்ணிக் கணக்கெழுதியதோ, அவர்களை மனிதர்களாக எண்ணிக் கணக்கைத் திருத்தும் வேலை அங்கே நடந்துகொண்டிருக்கிறது. அது இன்னும் முடியவில்லை. முடிவதற்குள் அந்த வீட்டையும் ஹோட்டலுக்கு விட்டுவிடாமல் இருக்க வேண்டும்.