குழலும் ஏழு விரல்களும்

விருதுநகர் மாவட்டத்தில் குழலிசை பற்றிய பழைய சான்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பட்டாசுக்குப் பேர்போன சிவகாசிக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர் அது. ஒன்பதாம் நூற்றாண்டினராகப் பொதுவாகக் கருதப்படும் பெரியாழ்வார், தம் திருமொழியின் மூன்றாம் பத்தில் ஒரு பதிகம் முழுவதையும் கண்ணன் குழலூதும் காட்சிக்கே ஒதுக்கினார். மான்கள் மேய்ச்சலை மறந்ததையும் மரங்கள் தேன் சொரிந்ததையும் பக்தர்கள் மறப்பதில்லை. குழல் பயில்பவர் கவனிக்க வேண்டிய இடம் வேறு. இடப்பக்க மோவாய் இடத்தோளில் சாய்கிறது, இரு கைகளும் குழலில் கூடுகின்றன, புருவம் நெரிந்து ஏறுகிறது, வயிறு குடமாகப் புடைக்கிறது, வாய் குவிகிறது. இன்னொரு பாசுரத்தில் சின்ன விரல்கள் துளைகளைத் தடவி இடம் மாறுகின்றன, கண் கோணுகிறது, புருவத்தில் வியர்வை அரும்புகிறது. குழலூதுபவர் ஒருவரை அருகிலிருந்து பார்த்தவரின் வரிகள் இவை. கேள்வி ஞானத்தில் மட்டும் எழுதக்கூடியவை அல்ல. மூச்சை நெஞ்சிலிருந்து தள்ளாமல் அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் இன்றும் முதல் நாளிலேயே சொல்கிறார்கள்.

அவர் மகளாகப் போற்றப்படும் ஆண்டாளும் இதே நுட்பத்தோடு ஒரு செய்தியைத் தருகிறார். நாச்சியார் திருமொழியின் பதின்மூன்றாம் பதிகத்தில், திருமால் ஊதிவரும் குழலின் துளைவாயில் இருக்கும் நீரை எடுத்துத் தன் முகத்தில் தடவும்படி கேட்கிறாள் தலைவி. ஊதும் மூச்சின் ஈரம் குழலுக்குள் படிவதையும், அதைத் துடைக்காவிட்டால் ஒலி கெடுவதையும் குழல் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். காதலின் உச்சத்தைச் சொல்ல இந்த ஈரத்தைத் தேர்ந்தது அபாரமான துணிச்சல்.

இவ்விருவருக்கும் பல நூற்றாண்டு முன்பே குழல் மேய்ச்சல் நிலத்தின் கருவியாக இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் இடையன் தீக்கடைகோலில் உண்டாக்கிய நெருப்பால் மூங்கிலைச் சுட்டுத் துளையிடுகிறான். முறை அதிகம் மாறவில்லை. குழல் செய்பவர்கள் இன்றும் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் துளையிடுவதுண்டு. சிலப்பதிகாரத்தில் குழல் இரண்டு இடங்களில் இருக்கிறது: ஆய்ச்சியர் குரவையில் ஆயர் சேரியில், அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் மேடையில். மேடைக் குழலோனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்பதையும் இளங்கோ வரையறுக்கிறார்.

அந்தப் பகுதிக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரைதான் தமிழில் குழல் இலக்கணத்தின் பெட்டகம். 1892இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய பிறகே அது பரவலாகப் படிக்கக் கிடைத்தது. மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகிய ஐந்திலும் குழல் செய்யலாம். நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல். இடமுகம் அடைபட்டிருக்கும், வலமுகம் திறந்திருக்கும். எட்டுத் துளைகளில் ஒன்று முத்திரையாக விடப்படும். மற்ற ஏழில் இடக்கையின் மூன்று விரல்களும் வலக்கையின் நான்கு விரல்களும் அமரும்.

இன்றைய கர்நாடக இசைக் குழலிலும் விரல் துளைகள் எட்டு, விரல் படுபவை ஏழு. பிடிப்பதும் அதே மாதிரி: இடக்கை வாய்க்கு அருகில், குழல் வலப்பக்கமாக நீள்கிறது. பெரியாழ்வார் காட்டிய இடத்தோள் சாய்வு இந்தப் பிடிக்கு இயல்பாகப் பொருந்துகிறது. பாட்டும் உரையும் வெவ்வேறு காலத்தவை; இரண்டும் ஒரே கைப்பழக்கத்தைக் காட்டுவது தற்செயலாகத் தெரியவில்லை. சேக்கிழாரும் ஆனாய நாயனாரின் குழலைப் பற்றிப் பாடும்போது மூங்கிலை அரிவது முதல் துளைகளின் இடைவெளியை அங்குலக் கணக்கில் அமைப்பது வரை சொல்கிறார்.

இத்தனை இருந்தும் கோயில்களில் குழல் முதன்மை பெறவில்லை. திறந்த வெளியில் தேரோடும் வீதியை நிறைக்க நாகசுரம் வேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அரையர்கள் பாசுரங்களை இசைத்து அபிநயிக்கும் அரையர் சேவையில் கைத்தாளமே துணை. குழலை அவ்வளவு நுட்பமாகப் பாடிய ஊரின் சேவையில் குழலுக்கு இடமில்லை என்பது விந்தைதான்.

குழலைத் தனிக் கச்சேரிக் கருவியாக்கியவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904). சிறு வயதிலேயே பார்வையிழந்த அவர் காதையும் விரலையும் நம்பியே ஒரு வாசிப்பு முறையை உருவாக்கினார். அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் அதை மேடைதோறும் கொண்டுசென்றார். 1943இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். நாகசுரக் குடும்பத்தில் வந்த திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை குரலிசையை ஒட்டிய பாணியை வளர்த்தார். அவரிடம் பயின்ற டி. விசுவநாதன் அதை அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் வரை எடுத்துச் சென்று கற்பித்தார்.

பெரிய திருப்பம் 'மாலி' எனப்பட்ட டி. ஆர். மகாலிங்கத்தால் (1926–1986) வந்தது. திருவிடைமருதூரில் பிறந்து ஏழு வயதில் மேடையேறியவர். துளைகளை விரல் நுனியால் மூடுவதை விட்டு, விரலின் நடுச்சதையால் மூடும் கிளிப்பிடியைக் கொண்டுவந்தார். விரல் துளைமேல் உருண்டு பாதி திறப்பதும் வழுக்குவதும் இதனால் எளிதாயின. வாய்ப்பாட்டின் கமகம் குழலில் ஏறியது. அவர் சீடர் என். ரமணி (1934–2015) இந்துஸ்தானிக் குழலைப் பார்த்து நீண்ட குழலையும் மேடைக்குக் கொண்டுவந்தார்.

ஐரிஷ் இசையின் தகர விசிலோடும் குழலோடும் ஒப்பிட்டால் கர்நாடகக் குழலின் தனித்தன்மை தெளிவாகும். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் 1843இல் தகரத் தகட்டைச் சுருட்டி மலிவு விலைத் தகர விசில் செய்யத் தொடங்கினார். அதன் வாயில் அடைப்பு இருப்பதால் ஊதியவுடன் ஒலிக்கும். திருவிழாக் கடைகளில் குழந்தைகள் வாங்கும் நேர்க்குழல்களும் அந்த வகையே. ஐரிஷ் குழலோ பக்கவாட்டில் ஊதும் மரக்குழல். 1847இல் தியோபால்ட் போம் புதிய உலோகக் குழலை வடித்தபின் மேடைக் கலைஞர்கள் கைவிட்ட பழைய மரக்குழல்கள் அயர்லாந்தின் நாட்டார் கலைஞர்களிடம் மலிவாகச் சேர்ந்தன. இரண்டிலும் துளைகள் ஆறு. அவர்களின் அலங்காரம் விரலைச் சட்டென்று தூக்கியும் தட்டியும் சுரத்தை வெட்டுவதில் பிறக்கிறது. இங்கே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அசைந்து போவதில்.

கற்கும் வழி இன்னும் குருவின் எதிரே அமர்வதுதான். பக்கவாட்டுக் குழலில் வாயின் கோணம் படிந்து ஒலி நிலைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். பிறகு சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம். நாவால் தட்டிப் பிரிக்கும் பழக்கத்தையும் ஒரே மூச்சில் சுரங்களைக் கோக்கும் பழக்கத்தையும் சேர்த்தே வளர்க்க வேண்டும். ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் குழல் வேண்டும். எனவே இத்தனை கட்டைக் குழல் என்று பெயர் சொல்லிப் பல குழல்களைக் கலைஞர்கள் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அரசின் மாவட்ட இசைப்பள்ளிகள் வழக்கமாகக் கற்பிக்கும் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழில் குழல் இல்லை. அதைப் பயில விரும்புவோர் தனி ஆசிரியர்களையோ பெருநகர இசைக் கல்லூரிகளையோ நாட வேண்டியிருக்கிறது.