மாம்பழம் இல்லாத அம்மையார்

காரைக்கால்ன்னாலே மாங்கனித் திருவிழாதான். ஆனி பவுர்ணமிக்கு மாடியிலிருந்தெல்லாம் மாம்பழம் இறைப்பாங்க. ஆனா அந்த மாம்பழக் கதை 12-ம் நூற்றாண்டுல சேக்கிழார் சொன்னதுங்க. அம்மையார் அவருக்குப் பல நூற்றாண்டு முந்தி. அவரே எழுதின அற்புதத் திருவந்தாதியில், 101 வெண்பாவிலும், மாம்பழமும் கிடையாது, புருசனும் கிடையாது. (திருவிழாக் கூட்டத்துல எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பாங்களோ!) இரண்டாவது பாட்டிலேயே, ஈசன் துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும், வழி சொல்லாவிட்டாலும் அன்பு விடாதுங்கிறார்.

இதே காரைக்காலின் கடலோர மீனவ கிராமம் காரைக்கால்மேடு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அங்கேயும் புகுந்தது. அதுக்கப்புறம் அந்த வெண்பாவை வெறும் பழம்பாட்டா என்னால வாசிக்க முடியலை. சாமி ஏன் தடுக்கலைன்னு கேட்டா அம்மையாரிடம் பதில் இல்லை. துன்பம் தீராமலே போகலாம்னு ஒத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். ஆறுதல் சொல்ற பாட்டுகளைவிட எனக்கு இதுதான் நெருக்கமா இருக்கு.